வேப்பந்தளிரில் பிழைத்த தெள்ளுப்பூச்சிகள்

கிள்ளானில் தரை கழுவும் திரவம் தயாரித்து விற்கும் ரெங்கசாமி, ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முதலாக வந்த அன்றே அமுதவள்ளிக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. கொண்டுவந்த பாட்டிலை மேசைமேல் வைத்து, லேபிள் அவளுக்கு நேராகத் தெரியும்படி திருப்பிவிட்டு, அவள் முகத்தில் என்ன வருகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

பச்சை லேபிள். 'வேப்பந்தளிர்' என்று பெயர். அதன் கீழே துள்ளுகிற மீன். மீனுக்குக் கீழே, நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கில்லாதது என்று ஒரு வரி. ஹோட்டல்காரர்கள் மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அந்த வரிக்கு ஆதாரம் கேட்டார்கள். லேபிளை அச்சடித்து, பாட்டிலில் ஒட்டி, லோரியில் ஏற்றும் நிலைக்கு வந்த பிறகுதான் ரெங்கசாமிக்கு ஆதாரம் என்ற ஒன்று உண்டு என்பது தெரிய வந்திருந்தது.

அமுதவள்ளி அந்தக் கூடத்தில் நீர் நச்சுப் பிரிவின் தலைவி. பதினோரு வருடமாக அவள் கையெழுத்து இல்லாமல் அந்தப் பிரிவிலிருந்து ஒரு அறிக்கையும் வெளியே போனதில்லை. அது அவளுக்குத் தெரியும். மற்றவர்களும் அதை மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வாள். முட்டாள்தனத்தை அவளால் மன்னிக்க முடியாது. முட்டாள்தனம் காசுள்ளவரிடமிருந்து வந்தால் இன்னும் முடியாது.

குளிர் அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். மூன்று வெள்ளைத் தொட்டிகளில், நன்னீரில் வாழும் கடுகளவுத் தெள்ளுப்பூச்சிகள் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன. தொட்டிகளில் தாய்ப்பூச்சிகள். அவை போடும் குஞ்சுகளில், பிறந்து ஒருநாள்கூட ஆகாதவற்றைப் பிரித்தெடுத்து, சோதிக்க வேண்டிய மருந்தைப் பல அளவில் கலந்த தண்ணீரில் விடுவார்கள். இரண்டு நாள் கழித்து, கண்ணாடிக் குவளையை மெல்லச் சுழற்றிவிட்டு எத்தனை அசைகின்றன, எத்தனை அசையவில்லை என்று பார்ப்பார்கள். மருந்து கலக்காத தண்ணீரிலும் ஒரு கூட்டத்தை விட்டு வைப்பார்கள், ஒப்பிடுவதற்கு. கால்வாயில் எது கலந்தாலும் முதலில் சாவது இவைதான். இவை போனால் இவற்றைத் தின்னும் மீன் போகும். இதையெல்லாம் அவள் நிதானமாகவே விளக்கினாள்.

ரெங்கசாமி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தலைப்பேன் மாதிரி இருக்கிறது, இதைக் கேட்டா ஹோட்டல்காரன் முடிவு செய்வான் என்றார். போகும்போது வாசலில் நின்று, ஆய்வுக்கூடத்தின் உரிமையாளர் டாக்டர் முகுந்தனின் தோளைத் தட்டி, "டாக்டர், நல்லா வரணும் லா. நம்ம பேரு இருக்கு இதுல" என்றார்.

முகுந்தன் வேதியியல் படித்தவர். நல்ல கோட்டு, மாநாடுகளில் கழுத்தில் மாட்டிய பெயரட்டைகள் அறைச்சுவரில் வரிசையாக, பேச்சில் எப்போதும் ஒரு வெண்ணெய் வழவழப்பு. குளிர் அறைக்குள் வந்தால் கைகளைத் தேய்த்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுவார். அவர் கடைசியாக ஒரு குவளையைக் கழுவியது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. அண்ணே, கண்டிப்பா நல்லா வரும், கவலைப்படாதீங்க என்று அவர் ரெங்கசாமியிடம் சொன்னதை அமுதவள்ளி பின்னால் நின்று கேட்டாள். சோதனை இன்னும் தொடங்கவே இல்லை.

முதல் சோதனையில் எல்லாம் செத்தன. மிகக் குறைந்த அளவு கலந்த தண்ணீரில்கூட மறுநாளே அடியில் படிந்து கிடந்தன. கலக்காத தண்ணீரில் இருந்தவை ஒன்று குறையாமல் நீந்தின. வேப்பிலைக்கும் அந்தத் திரவத்துக்கும் வாசனையைத் தவிர வேறு உறவில்லை என்று அவளுக்குப் பாட்டிலைத் திறந்தபோதே தெரியும். ஆஸ்பத்திரித் தரைக்குப் போடுகிற கிருமிநாசினியைப் பீப்பாயில் வாங்கி, பச்சைச் சாயம் ஊற்றியிருந்தார்கள்.

முகுந்தன் அறிக்கையைப் படித்துவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பூச்சிகள் பலவீனமாக இருந்திருக்கலாம் என்றார். அப்படியானால் கலக்காத தண்ணீரில் இருந்தவையும் செத்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். வெயில் காலம் என்றார். குளிர் அறைக்குள் ஏது வெயில் காலம் என்று கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி அவர் உண்மையான காரணத்துக்கு வந்தார்.

"அமுதா, நம்ம தமிழ் ஆளு ஒருத்தர் இப்பதான் மேல வராரு. நாமளே கால வாரி விடலாமா?"

இந்த வாக்கியத்தை அவள் வேறு பலர் வாயில் கேட்டிருக்கிறாள். தமிழர்களுக்காக ஒருமுறைகூடத் தங்கள் காரின் கதவைத் திறந்துவிடாதவர்கள்தான் அதை அதிகம் சொல்வார்கள். அவர் கம்பெனிக் கழிவு ஓடுகிற கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களும் தமிழர்கள்தானே டாக்டர் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தாள். இன்னொரு முறை செய்யுங்கள், இந்தத் தடவை அவரையும் கூப்பிட்டு வைத்து முடிவைக் காட்டுவோம் என்று முகுந்தன் சொன்னார். அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ரெங்கசாமி தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை குஞ்சுகளைப் பிரித்து, குவளைக்கு ஐந்தாக விட்டாள். புதன்கிழமை அவளை டெங்கில் பக்கம், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளில் தண்ணீர் மாதிரிகள் எடுத்துவர அனுப்பினார் முகுந்தன். அது வேறொரு வாடிக்கையாளரின் வேலை, அவசரம் என்றார். இடையில் ஒருமுறை எடுக்க வேண்டிய எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் இப்படி ஒரு வேலையைக் கேட்டு வாங்கியதில்லை. அவளுக்கு அது உறுத்தியது. ஆனால் முகுந்தனுக்கு அவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவரை அவள் குறைத்து எடை போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ரெங்கசாமி வந்தார். மூவரும் குளிர் அறைக்குள் போனார்கள். முகுந்தன் அன்று கைகளைத் தேய்க்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர் பந்தலைக் காட்டுவதுபோலக் குவளை வரிசையைக் காட்டினார்.

எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. அதிக அளவு மருந்து கலந்த குவளையிலும் நீந்தின.

"பாத்தீங்களா அண்ணே. ரெண்டு நாள் உங்க சாமான்லயே கிடந்துச்சு. ஒன்னுகூட சாகல" என்றார் முகுந்தன்.

ரெங்கசாமி அமுதவள்ளியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில், பெண்பிள்ளை ஏதோ தெரியாமல் செய்துவிட்டாய், போகட்டும் என்ற பெரியமனிதத்தனம் இருந்தது.

அவள் விளக்கைப் போட்டுக் குனிந்தாள். குனிந்த உடனேயே புரிந்துவிட்டது. அவள் விட்டவை, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற குஞ்சுகள். இவை பெருங்கடுகு அளவுக்கு இருந்தன. முதுகில் முட்டைப்பை கறுத்துத் தெரிந்தது. தொட்டியிலிருந்து தாய்ப்பூச்சிகளை அள்ளிப் போட்டிருந்தார் முகுந்தன். அவருக்கு எல்லாம் தெள்ளுப்பூச்சிதான். குவளைத் தண்ணீரையும் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தார். கடைசிக் குவளைக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. பெரிய பூச்சிகள் ஐந்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கும்பல் துள்ளிக்கொண்டிருந்தது.

"டாக்டர், இதெல்லாம் பொறந்து எத்தன நாளு?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழமை விட்டதுதானே. ரெண்டு, மூணு நாளு."

"மூணு நாள்ல வளந்து, வயசுக்கு வந்து, புள்ளையும் பெத்துருச்சு. இந்தக் குவளைல அஞ்சு விட்டேன். இப்ப இருபதுக்கு மேல இருக்கு."

ரெங்கசாமி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகுந்தன், சாமானில் சத்து இருந்திருக்கலாம் என்று ஏதோ சொன்னார். அதைச் சொன்ன மனிதர் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதை அமுதவள்ளி பிறகு பல நாள் நினைத்து நினைத்து வியந்தாள்.

அவள் அதற்குமேல் வாதம் செய்யவில்லை. அலமாரியிலிருந்து வேப்பந்தளிர் பாட்டிலை எடுத்து, ரெங்கசாமியின் கண்முன்னால் மூடியைத் திருகி, அதே குவளையில் ஒரு சொட்டு விட்டாள். பச்சை நிறம் நூலாக இறங்கிக் கலைந்தது. பூச்சிகள் முதலில் வேகமாகச் சுற்றின. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, ஒரே இடத்தில் சுழன்றன. குஞ்சுகள் முதலில் நின்றன. சற்று நேரத்தில் பெரியவையும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கு இறங்கின.

ரெங்கசாமி குனிந்து குவளையின் அடியைப் பார்த்தார். பிறகு முகுந்தன் பக்கம் திரும்பி, "மாத்தி வச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு சின்ன அட்ஜஸ்மெண்ட் அண்ணே. நீங்கதானே நல்லா வரணும்னு..."

"நல்லா வரணும்னுதான் சொன்னேன். என்னைய முட்டாளாக்கச் சொல்லல."

ஒரு நொடி அமுதவள்ளிக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அவர் அடுத்துக் கேட்டது, ஹோட்டல்காரர்களுக்கும் இந்த மாதிரி சொட்டு விட்டுப் பார்க்கத் தெரியுமா என்பது. தெரியாது என்று முகுந்தன் அவசரமாகச் சொன்னார். அவர்கள் ஆள் வைத்துப் பார்ப்பார்கள் என்று அமுதவள்ளி சொன்னாள். ரெங்கசாமி பாட்டிலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

சோதனை செல்லாது, காரணம் உயிரிகள் மாற்றப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் முகுந்தனின் மேசையில் வைத்தாள். அவர் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்ப முடியாது, அந்தச் சோதனைகளைச் செய்வதற்கான அங்கீகாரம் அவள் பெயரில் இருந்தது. திட்டவும் இல்லை. மறுநாள் காலை, நேற்று ஒன்றுமே நடக்காததுபோல, சாப்பிட்டாச்சா அமுதா என்று கேட்டார். அவர் வெட்கப்பட்டிருந்தால் அவள் ஒருவேளை அங்கேயே இருந்திருப்பாள். வெட்கம் அவரைத் தேடிவந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போனது போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வணிகர் சங்க விருந்து நடந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். முகுந்தன் கேட்டுக்கொண்டதால் அமுதவள்ளியும் போனாள். ரெங்கசாமிக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் நேர்மையைப் பற்றிப் பேசினார். தன் சொந்தச் சரக்கைத் தானே சோதித்துப் பார்த்ததாகவும், தன் கையாலேயே ஒரு சொட்டு விட்டதாகவும், அந்தச் சின்ன உயிர்கள் துடித்ததைப் பார்த்து அன்றே வேப்பந்தளிரை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முகுந்தன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கைதட்டினார்.

வேப்பந்தளிர் நின்றது உண்மைதான். அதே திரவம் இப்போது 'துளசிமலர்' என்ற பெயரில், மீன் படம் இல்லாமல், கிள்ளான் கடைகளில் விற்றது. அவள் பார்த்திருந்தாள்.

மேசை மேசையாக வந்து கை கொடுத்த ரெங்கசாமி அவளிடம் வந்தபோது, நல்லா சாப்பிடும்மா என்றார்.

"அந்தச் சொட்ட விட்டது நான்" என்றாள் அவள்.

"யாரு விட்டா என்னம்மா, விட்டது விட்டதுதானே" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார்.

சண்டை போட அவளுக்குத் தோன்றவில்லை. தட்டில் இருந்த ஆட்டுக்கறியை முழுக்கச் சாப்பிட்டு, கை கழுவி, வெளியே வந்து ரயிலேறினாள். இந்த இரண்டு பேரும் அவளுடைய இளக்காரத்தை உணரக்கூட மாட்டார்கள் என்பது வண்டியில் உட்கார்ந்திருந்தபோது தெளிவாயிற்று. எருமைமேல் மழை பெய்வதுபோல அவள் இத்தனை வருடம் பெய்துகொண்டிருந்திருக்கிறாள். அடுத்த திங்கள்கிழமை ராஜினாமாக் கொடுத்தாள்.

முகுந்தன் முதலில் கேட்டது, இனி யார் கையெழுத்துப் போடுவது என்று. ஆள் தேடிக்கொள்ளுங்கள் என்றாள். தொட்டிகளை எப்படிப் பராமரிக்க வேண்டும், பாசி உணவு எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக நின்று சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுதவள்ளி ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரம் ஆன பிறகு முகுந்தன் அழைத்தார். நலம் விசாரித்துவிட்டு, தெள்ளுப்பூச்சிகள் செத்துவிட்டன, ஏன் என்று தெரியவில்லை என்றார்.

"தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?"

"பைப்புல. ஏன், நாம குடிக்கிற தண்ணிதானே அமுதா?"

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது அவற்றைக் கொன்றுவிடும் என்பதை அவள் மறுபடியும் சொன்னாள். அப்படியா என்றார், வேதியியல் முனைவர்.

"எந்தத் தொட்டி?"

"மூணும்தான். ஒன்னும் மிச்சமில்ல. உங்ககிட்ட கொஞ்சம் கிடைக்குமா?"

கைப்பிடி அளவிலிருந்து அவள் பெருக்கிய கூட்டம் அது. பதினோரு வருடம், லீவு நாட்களிலும் வந்து உணவு போட்டிருக்கிறாள். அவள், தருவதற்கில்லை டாக்டர் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு கைத்தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பக்கத்திலிருந்த பெண் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அமுதவள்ளி முகம் கழுவப் போனாள்.