புல்லியின் மேடு

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய தேங்காயெண்ணெய் மில் ஒன்றை மியூசியமாக மாற்றியபோது, பெல்ட் மாட்டும் இரும்புச் சக்கரமான புல்லி ஒன்றை, துருப்பிடித்துக் கிடந்ததை, கடைசல் பிடித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. எனக்குத் தேவராவில் லேத் பட்டறை. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன். அதைக் காட்டத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பேச்சியை அங்கே கூட்டிப் போனேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது கொப்பரை வெட்டும் மிஷின் நின்றிருந்தது. மேனேஜர் ஹரிஷங்கர், மிஷின் ஓட்டும் செல்வலட்சுமியைக் கடிந்துகொண்டிருந்தார். அவர் பாலக்காட்டுக்காரர்; குரலை உயர்த்தாமலே திட்டுவார்.

"இன்னிக்கு இது மூணாவது தடவையாக்கும் பெல்ட் விழறது. வரவா எல்லாம் நின்ன மிஷினைப் பார்த்துட்டுப் போறா. பதினொரு மணிக்கு ஓட்டிக் காட்டறச்சேயும் விழுந்தா, இனி நீ டிக்கெட் கவுண்டர். மிஷினுக்குள்ளேயே ஒரு மோட்டாரை ஒளிச்சு வச்சு, பெல்ட் இல்லாம ஓட்டிக்கறேன்."

"நான் நேராத்தான் சார் மாட்டுறேன்."

"நேரா மாட்டினா ஏன் விழறது?"

அவள் சங்கரன்கோவில் பெண். கட்டட வேலையில் கலவை மிஷின் ஓட்டியவள், இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹரிஷங்கர் எங்களுக்குத் தலையசைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார். மணி பத்தரை.

நான் பேச்சிக்கு விளக்க ஆரம்பித்தேன். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. ஒரே ஒரு மோட்டார் அதைச் சுற்றும். தண்டில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் தட்டையான தோல் பெல்ட் ஒன்று இறங்கி, கீழே இருக்கும் மிஷினின் புல்லியைச் சுற்றிவிட்டு மேலே போகிறது. கொப்பரையை வெட்டும் மிஷின், செக்கு, சல்லடை எல்லாம் ஓடியது அந்த ஒரு மோட்டாரில்தான்.

"கொப்பரை வெட்டுற மிஷின்ல இருக்கு பார், அதுதான் நான் கடைஞ்ச புல்லி."

"பளபளன்னுதான் இருக்கு," என்றாள். "ஏங்க, மாவு மிஷின்ல பெல்ட்டுக்குப் புல்லியில பள்ளம் இருக்குமே. இதுல பள்ளமே இல்லியே. அப்போ பெல்ட்டு பக்கவாட்டுல நழுவாம எது பிடிச்சுக்குது?"

"அது..." என்று ஆரம்பித்தேன். என் பட்டறைக்கு வருவதெல்லாம் பள்ளம் வைத்த புல்லிகள்தான். தட்டை பெல்ட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பக்கத்தில் சல்லடையின் புல்லி இருந்தது. அது யாரும் கடையாதது, பெயிண்ட் மட்டும் அடித்திருந்தார்கள். கடையாத புல்லி எப்படி இருக்கிறது என்று பார்க்க, அதன் மேல் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைக்கச் சொன்னேன். செல்வலட்சுமி வைத்தாள். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு ஓரத்திலும் நூலிழை வெளிச்சம் தெரிந்தது.

என்னிடம் வந்த புல்லியும் இப்படித்தான் இருந்தது. ஓரங்கள் தேய்ந்துபோய்விட்டன என்று நினைத்து, நடுவில் இருந்த மேட்டைச் சீவி ஒரே மட்டமாக்கியிருந்தேன். அது தேய்மானம் இல்லை. செய்தவன் வேண்டுமென்றே வைத்த மேடு. நாமெல்லாம் பெல்ட் மேட்டிலிருந்து சரியும் என்றுதான் நினைப்போம். சுற்றும்போது நடப்பது நேர்மாறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெல்ட் ஒரு பக்கம் விலகினால், மேட்டின் மேல் இருக்கும் அதன் விளிம்பு அதிகமாக இழுபடும். அந்த இழுப்பில் பெல்ட் லேசாக வளைய, அடுத்து வந்து படியும் பகுதி மேட்டுக்கு இன்னும் பக்கத்தில் படியும். இப்படியே ஏறி ஏறி நடுவுக்கு வந்துவிடும். மேடு இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர எதுவும் இல்லை.

"என்ன அண்ணே, பேச்சையே காணோம்?" என்றாள் செல்வலட்சுமி.

இன்னும் ஆறு புல்லிகள் என் பட்டறையில் கிடந்தன. வாயைத் திறந்தால் அந்த வேலை போகும், திறக்காவிட்டால் இவள் மிஷினை விட்டுப் போவாள். பேச்சி என் முகத்தையே பார்த்தாள். "நீங்க பண்ணதா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஆபீஸ் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

ஹரிஷங்கர் வந்து இரண்டு புல்லிகளிலும் தானே ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளும் இந்தப் பொண்ணையா நான் திட்டிண்டிருந்தேன்?"

"என்னைத்தான் திட்டியிருக்கணும் சார்."

"அது இனிமேல்தான் ஓய். பதினொரு மணிக்கு என்ன பண்றது?"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, துணி டேப்பைக் கிழித்தோம். முதலில் ஒரு விரல் அகலப் பட்டையைப் புல்லியின் நடுவில் சுற்றினேன். அதை மூடி இரண்டு விரல் அகலம், அதற்கும் மேல் மூன்று விரல். இருபுறமும் சரிந்து, நடுவில் ஒரு மேடு வந்தது. செல்வலட்சுமி விரலால் தடவிப் பார்த்து, ஒரு இடத்தில் மடிப்பு இருக்கிறது என்று பிரித்துத் திரும்ப ஒட்டவைத்தாள்.

பதினொன்றுக்கு முப்பது பேர் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். அவள் சுவிட்சைப் போட்டாள். பெல்ட் முதலில் இடது பக்கம் போனது. மூன்று நான்கு சுற்றில் அது நடுவுக்கு வந்து அங்கேயே நின்று ஓடியது. கொப்பரை வெட்டுப்பட்டுக் கூடையில் விழுந்தது. இருபது நிமிஷம் ஓட்டினாள்.

கூட்டம் போனதும் ஹரிஷங்கர் என்னிடம் திரும்பினார். "டேப்பெல்லாம் எத்தனை நாளைக்கு? இதுல ஓரத்தைச் சீவி மேடு வச்சுக் குடுங்கோ. அந்த ஆறையும் தொட வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்கோ."

நான் தலையாட்டினேன்.

"அந்த ஆறையும் அவரே கடையட்டும் சார்," என்றாள் செல்வலட்சுமி. "இனிமே தூக்கத்துலகூட மேட்டைச் சீவ மாட்டார். ஆனா கடையுறப்ப நான் பக்கத்துல நின்னு ஸ்கேல் வச்சுப் பார்ப்பேன்."

ஹரிஷங்கர் ஸ்கேலை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நாளைக்கு மியூசியம் லீவாக்கும். அவர் பட்டறைக்குப் போய்ப் பார்த்துட்டு வா."

"லீவு அன்னைக்கு வேலையா சார்?"

"சும்மா வா புள்ள," என்றாள் பேச்சி. "மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல."