இடம் மாறிய பிரேக்

எங்கள் வீட்டில் அத்தை என்றால் குதிரை. யாரைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று என் மனைவி வைத்த பெயர் அது. சுற்றுலா வருபவர்களை மலைப்பாதையில் ஏற்றிப்போவது அவர்கள் இருவரின் தொழில். அடிவாரத்தில் சைக்கிள் பழுது பார்ப்பது என் தொழில். நடப்பவர், சைக்கிள்காரர், குதிரை எல்லோருக்கும் அந்தப் பாதை பொது. குதிரையைக் கண்டால் சைக்கிள்காரர் இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம்.

போன மாதம் ஒருவன் நிற்கவில்லை. மணிகூட அடிக்கவில்லை. ஏரி தெரியும் வளைவில் பாய்ந்து வந்தான்; அத்தை மிரண்டு பள்ளத்தில் விழுந்தாள், முன்னங்கால்கள் இரண்டும் போயின. கால்நடை மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைக்கும்வரை அவள் தலை என் மனைவியின் மடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் அக்காவிடம் ஒரு குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு மறுநாளே மலையேறிவிட்டாள்.

நேற்றுக் காலை கடைக்கு ஒரு சிவப்பு ஹெல்மெட் வந்தது.

"பிரேக் கட்டை ரெண்டும் மாத்தணும் பாஸ். போன மாசம் ஏரி வளைவுல ஒரு குதிரை குறுக்க வந்துடுச்சு. மயிரிழைல தப்பிச்சேன்."

"குதிரை தப்பிச்சுதா?"

"யாருக்குத் தெரியும்? வளைவுல திரும்பிப் பாத்தா நம்ம கதை முடிஞ்சிடும்ல?" என்று சிரித்தான்.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. குறுக்கே வந்ததாம், பாவிப்பயல்! கட்டைகளை ஒழுங்காகத்தான் மாற்றினேன், தொழிலில் நான் சுத்தம். கூடவே கைப்பிடியில் வலது பிரேக்கை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றி வைத்தேன். பின்சக்கரம் என்று நினைத்து முன்சக்கரத்தை இறுக்குவான். சைக்கிள் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டான்.

"புதுக் கட்டை. ரோப் கார்ல மேல போயிடுங்க. இறக்கத்துல பிடிச்சாதான் படியும்," என்று வாய் நிறையச் சிரிப்போடு அனுப்பிவைத்தேன்.

நாளெல்லாம் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். மனைவி வந்ததும் விஷயத்தைச் சொல்லி அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வந்தவள் நேரே சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். தொட்டியில் ரத்தம் கரைந்து ஓடியது.

"ஐயோ, என்னாச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஏரி வளைவுல ஒருத்தன் தலைகுப்புற விழுந்து கிடந்தான். தோள்பட்டை முறிஞ்சு போச்சு. குதிரைல ஏத்தி ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டேன்."

"அவன்தான் இவன்! நம்ம அத்தையைக் கொன்னவன்! நான்தான் பிரேக்கை மாத்தி வச்சேன்!" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் குழாயை மூடினாள்.

"அவன்னு எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை மறப்பேனா? ஒரு மாசமா அந்த வளைவுல எதுக்குப் போய் நிக்கிறேன்னு நினைச்ச? அவன் வரணும், குறுக்க குதிரையை நிறுத்தணும், கீழ இறங்க வைக்கணும். அத்தை துடிச்ச துடிப்பை ஒண்ணு விடாம நின்னு கேக்க வைக்கணும். மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்யா. இன்னிக்கு அவன் அம்மா அம்மான்னு அலறுறான். அவன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இறக்கி விட்டப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'இந்த உதவியைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா'ன்னான்," என்றாள். "எல்லாம் உன்னாலதான்."