கில்ட் கட்டாத ஞாயிற்றுக்கிழமை

என் உடம்பில் அழகென்று சொல்லக்கூடியது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும்தான். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பன் ஒருவனின் கலியாணத்துக்கு வாடகைக் கில்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். அந்த ஊர் ஆண்கள் கட்டுகிற, கட்டம் போட்ட மடிப்புப் பாவாடைதான். மண்டப வாசலில் நின்ற வயதான பெண்ணொருத்தி என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, இந்த உடுப்புக்கென்றே செய்த கால்கள் என்று சொன்னாள். அவள் நல்ல குடிவெறியில் இருந்தாள் என்று நண்பன் பிறகு சொன்னான். அதற்குள் நான் சொந்தமாகவே கில்ட் வாங்கிவிட்டேன்.

படிப்பு முடிந்து எங்கள் ஊரான ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பி வந்தபோது ஒரு பட்டமும் சில கில்ட்டுகளும் என்னோடு வந்தன. பட்டத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வேலைக்கு, மரக்கறி வாங்க, பல்லுப் பிடுங்க, எங்கே போனாலும் கில்ட்தான். அதில் பொக்கெற் கிடையாது. இடுப்பிலிருந்து முன்பக்கமாக ஒரு தோல்பை தொங்கும். ஸ்டேஷனில் அட்டையை எடுக்க அதற்குள் கையை விடும்போதெல்லாம் சுற்றி நிற்பவர்கள் மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் பார்ப்பார்கள். பலசரக்குக் கடை ஜெஸ்ரின் அண்ணை முதல் நாள், "தம்பி, குளிரேல்லையோ?" என்றார். மறுநாள் வெட்கம் விட்டு, "தம்பி, உள்ளுக்கு என்ன?" என்று கேட்டார்.

"தன்னம்பிக்கை, அண்ணை" என்றேன். கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த பதில் அது. உண்மையில் உள்ளே இருந்தது கறுப்பு நிற சைக்கிள் காற்சட்டை. பனிக்காலத்தில் இரண்டு.

தன்னம்பிக்கையின் இலட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கதவைத் திறக்குமுன் பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டாரா என்று காதை வைத்துக் கேட்பேன். தெருவில் யாராவது சிரித்தால் அது என்னைப் பார்த்துத்தான். ஒருவரும் சிரிக்காவிட்டால் அடக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஏன் கட்டுகிறாய் என்று கேட்பீர்கள். கட்டும்போது எனக்கு என்னைப் பிடித்திருந்தது. அதோடு, இனிக் கழற்றினால் பெடியன் தோற்றுப்போனான் என்பார்களே என்ற பயமும் இருந்தது.

சிவரூபினி எனக்குக் கிடைத்ததும் இந்தக் கில்ட்டால்தான். ஒரு காற்று நாளில் ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, "பின்னால பிடியுங்கோ, காத்து வருது" என்று ஒரு குரல் கேட்டது. பிடித்துக்கொண்டு திரும்பினேன். மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். தலைமயிரைத் தோள் வரைக்கும் வெட்ட ஆசைப்பட்டு, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தவள்.

"ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு நினைக்காத ஒராளை நான் இப்பத்தான் பாக்கிறன்" என்றாள், பழகத் தொடங்கிய நாட்களில்.

நான் தோல்பையை நேராக்கிக்கொண்டு அடக்கமாகச் சிரித்தேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பார்வை பார்க்கிற பெண்ணிடம் எவன் சொல்வான்?

ஒரு வருடம் கழித்து அவளுடைய வீட்டில் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மனோர் பார்க்கில் இருந்த அந்த வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. "நீங்கள் எப்பவும் வாற மாதிரியே வாங்கோ. நான் வீட்டில கதைச்சிட்டன்" என்றாள் ரூபினி.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கே உரிய மூளை வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் வீடுகளில் "ஒண்டும் கொண்டு வராதேங்கோ" என்றால் கேக் கொண்டு வரவேண்டும். "சாப்பாடு வேண்டாம்" என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்கவேண்டும். அப்படியானால் "எப்பவும் வாற மாதிரியே வாங்கோ" என்பதற்கு என்ன அர்த்தம்? பாவம், வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று தீர்மானித்தேன்.

இருந்தும் கில்ட்டோடுதான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும்போது, சாமியறையில் விழுந்து கும்பிடச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பின்னால் யார் நிற்பார்கள் என்ற அடுத்த கேள்வியோடு கால்கள் தாமாகவே ஒரு துணிக்கடைக்குள் திரும்பின. கறுப்புக் காற்சட்டை ஒன்றை வாங்கி, அங்கேயே மாற்றி, கில்ட்டைச் சுருட்டிக் கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் ரூபினியின் அப்பா இராஜேந்திரன். என் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்தார். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "வாரும் தம்பி" என்றார் கடைசியில்.

உள்ளே தாழ்வான சோபாக்களுக்கு நடுவே, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்று சம்பந்தமில்லாமல் நின்றது. உயரமான, நேர்முதுகுக் கதிரை. அதற்கு எதிரே யாரும் உட்கார முடியாதபடி ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அது எனக்காக, என் கில்ட்டுக்காகப் போட்ட கதிரை என்று விளங்கியபோது காது சுட்டது.

சோபாவில் இருந்த ஒரு பெண்மணி எழும்பி நின்று என்னை நன்றாகப் பார்த்தார். இராஜேந்திரனின் தங்கை, சுசிலா மாமி. "என்ன இது! காற்சட்டையைப் பாக்கவோ டூட்டிங்கில இருந்து ரெண்டு ரெயின் மாறி வந்தனான்?" என்றார். பிறகு குனிந்து என் தொடைப் பக்கத்திலிருந்து நீளமான ஒரு ஸ்டிக்கரை உரித்தெடுத்தார். அளவு எண்ணை வரிசையாக அச்சடித்த ஸ்டிக்கர். "இண்டைக்கு வாங்கினதோ?"

அந்த நேரம் பார்த்து ரூபினியும் அம்மா சந்திரவதனாவும் சமையல் கையோடு குசினியிலிருந்து வந்தார்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே பிள்ளை? ஒரு வீட்டுக்கு என்னத்தோட வாறது எண்டு அந்தத் தம்பிக்கே தெரியுது. நீதான் தேவையில்லாமல் குதிச்சனீ."

ரூபினி என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். உள்ளே கட்டம் தெரிந்தது. திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தட்டுத் தூக்க உதவுகிற சாட்டில் பின்னால் போனேன்.

"உமக்காகத்தான் மாத்தினனான்" என்றேன்.

"எனக்காகவோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்களைக் காற்சட்டையோட வரச் சொல்லு எண்டு அம்மா நிண்டவ. இந்த வீட்டில நான் முதல்முதல் ஏலாது எண்டு சொன்னது அதுக்குத்தான். மூண்டு கிழமை அம்மாவோட கதைக்கேல்ல. நேற்றுத்தான் அம்மா சரியெண்டவ. அந்தக் கதிரை ஆர் போட்டது எண்டு நினைக்கிறீங்கள்? அம்மாதான்." வடைத் தட்டை என் கையில் வைத்தாள். "இனி நான் எதைச் சொன்னாலும் இதைத்தான் சொல்லிக் காட்டுவினம்."

அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். இவளை இழக்கப் போகிறேன் என்று தெரிந்தது. ஜெஸ்ரின் அண்ணையில் தொடங்கி பல் வைத்தியர் வரை எல்லோருக்கும் முன்னால் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, கட்டவேண்டிய ஒரே நாளில் கழற்றியிருக்கிறேன். என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

வடையை மேசையில் வைத்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டு, பையோடு மாடிக்கு ஏறினேன். கில்ட்டின் பக்கிள் துளையில் ஏறமாட்டேன் என்றது. ஒருவழியாகக் கட்டி முடித்துக் கதவைத் திறந்த பிறகுதான் மாடிப்படியை யோசித்தேன். வருங்கால மாமியார் கீழே நிற்க, கில்ட்டோடு படியிறங்குவது என்பது இந்த உலகத்தில் ஓர் ஆண் செய்யக்கூடாத காரியம். முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை, சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுசிலா மாமி மட்டும் நாகரிகம் கருதி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இதென்ன தம்பி?" என்றார் சந்திரவதனா.

"இதுதான் அன்ரி நான் ஒவ்வொரு நாளும் உடுத்துறது. ரூபினி சொன்னது சரி. நான்தான் பயந்துபோய் கடையில பூந்து மாத்தினனான்." தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "இண்டைக்கு மட்டுமில்ல. எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். வாசலில நிண்டு, தெருவில ஆள் இல்லையெண்டு பாத்துத்தான் வெளிக்கிடுறனான். தைரியம் எண்டு ரூபினி நினைச்சுக்கொண்டிருக்கிறா. அப்பிடி ஒண்டும் என்னட்ட இல்லை."

இராஜேந்திரன் கதிரையின் முதுகைத் தட்டி, "இரும்" என்றார். பாவாடையோடு எப்படி உட்காருவதென்று என் தங்கை சொல்லித் தந்தபடி பின்மடிப்பைக் கையால் வழித்து ஒழுங்காக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சந்திரவதனா அதைக் கவனித்தார். அந்த அளவில் வளர்ப்புச் சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சோறு எடுக்கப் போனார்.

ரூபினி என் முன்னால் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு மட்டும்தான் பயமெண்டு இவ்வளவு நாளும் வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்சனான்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."