வழி தவறியவனின் சாட்சி

ருப்புனுனி ஆற்றில் எல்ராய்க்குத் தெரியாத வளைவு கிடையாது. இருந்தும் மூன்று வருஷமாகக் குவாட்டாரி ஊரில் அவனுக்கு 'வழி தவறியவன்' என்றுதான் பெயர். "உங்கப்பா வீடு வந்து சேர்ந்துட்டாரா?" என்று பள்ளிக்கூடத்தில் அவன் மகளிடம் கேட்டார்கள். தண்ணீர் எடுக்க ஆற்றங்கரைக்குப் போகும்போதுகூட மாமியார், "பாத்துப் போய்ட்டு வாங்க" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னாள்.

இத்தனைக்கும் காரணம் ஓர் உண்ணி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து கென்ட் ரஸ்டன் வந்தார். தொலைக்காட்சியில் மீன் பிடிக்கிறவர். மீனைப் பிடிப்பது அவருக்குப் பாதி வேலை. பிடித்துவிட்டுத் தன்னைத் தானே வியப்பது மீதி வேலை. எல்ராய் அவருக்கு வழிகாட்டி. ஊருக்குப் பின்னால் அரைமணி நடையில் ஒரு குட்டை இருக்கிறது. அங்கே எல்ராய் கைகாட்டிய இடத்தில் தூண்டிலைப் போட்டு, ரஸ்டன் ஆறடி நீள அரபைமா மீன் ஒன்றைப் பிடித்தார். சட்டப்படி திரும்பத் தண்ணீரில் விட்டார். மீதி நாளெல்லாம் வயிற்றுப்போக்கோடு ஊஞ்சல் படுக்கையில் கிடந்தார்.

பிறகு படம் வந்தது. அதில் எல்ராய் காட்டில் நின்று பின்மண்டையைச் சொறிகிறான். உண்ணி கடித்தால் யாரும்தான் சொறிவார்கள். ஆனால் படத்தில் அந்தச் சொறிதல் மெதுவாக ஓடியது, பின்னணியில் ஒரு வயலின் அழுதது, ரஸ்டனின் குரல் சொன்னது: "எங்கள் வழிகாட்டி வழியைத் தவறவிட்டுவிட்டான். இனி எல்லாரையும் நான்தான் காப்பாற்றியாக வேண்டும்." அப்புறம் அவர் சூரியனைப் பார்த்து, மரத்துப் பாசியைத் தடவி, கரும்பாறையைத் தாண்டிப்போய் மீனைப் பிடித்தாராம். கரும்பாறை ஆற்றில் ஒரு நாள் பயணம் மேலே இருக்கிறது. ரஸ்டன் அதன் நிழலைக்கூடப் பார்த்ததில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு ஊர் விடுதிக்கு வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரும், "அந்த ஆள் மட்டும் வேண்டாம்" என்றார்கள். ஊர்த்தலைவி மார்வாவுக்கு வேறு வழி தெரியவில்லை. எல்ராயைப் படகிலிருந்து இறக்கி விடுதிச் சமையலறைக்கு விறகு பிளக்க வைத்தாள். அவன் ஒவ்வொரு கட்டையையும் ரஸ்டன் என்று நினைத்துக்கொண்டே பிளந்தான். மூன்று வருஷத்தில் அந்தச் சமையலறைக்கு விறகுப் பஞ்சம் என்பதே வந்ததில்லை.

இப்போது ரஸ்டன் மறுபடியும் வந்திருந்தார். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்ராயைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார்.

"இதே மூஞ்சிதான்! மார்வா, எனக்கு இவன்தான் வேணும். ஏம்ப்பா, அங்க ஜனங்களுக்கு உன்னை எவ்வளவு பிடிச்சுப் போச்சு தெரியுமா?"

"சந்தோஷம் சார்."

"இந்தத் தடவை கரும்பாறைக்கு மேல போறோம். பன்னி வேட்டை, பெரிய மீன், எல்லாம் உண்டு. உனக்கு அதே வேலைதான். நான் என்ன கேட்டாலும் 'தெரியாது சார்'னு சொல்லணும். வழியை நான் காட்டுவேன்."

"என்ன கேட்டாலுமா சார்?"

"என்ன கேட்டாலும்."

எல்ராய் மார்வா பக்கம் திரும்பினான். "அக்கா, உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

ரஸ்டன் போன பிறகு மார்வா அவனை நிறுத்தினாள். "இந்த ஆளுகிட்டருந்து ஒரு புகார் வந்துச்சுன்னா சாகுற வரைக்கும் உனக்குக் கோடாலிதான். ஒழுங்கா கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து சேத்தா யோசிக்கலாம். ஆனா ஜனங்க மனசுல இருக்கறதை நான் எப்படிடா மாத்துவேன்? படத்துல அவர் வாயால சொல்லிருக்காரு."

"அதே வாயால திருப்பிச் சொன்னா?"

"சொன்னா நாளைக்கே படகு உனக்கு. எதுக்குச் சொல்லப் போறாரு?"

"அவர் சொன்னபடியே நடந்துக்கறேன்க்கா."

மார்வா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். சுட்டெடுத்த மரவள்ளி ரொட்டி மாதிரி அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. "அதுதான்டா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

படகில் நாலு பேர். ரஸ்டன், எல்ராய், படம் பிடிக்கிற டேல், அப்புறம் மோட்டார் ஓட்ட எல்ராயின் மனைவியுடைய தம்பி நிக்கோ. முதல் நாள் மதியம் ஆறு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. ரஸ்டன் கையைக் காட்டியதும் டேல் கேமராவைத் தூக்கினான்.

"எல்ராய், எந்தப் பக்கம்?"

"தெரியாது சார்."

ரஸ்டன் கேமராவைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். சூரியனைப் பார்த்தார். பாசியைத் தடவினார். "கட்" என்றதும் டேல் கேமராவை இறக்கினான். "பிரமாதம்ப்பா! சரி, இப்ப நெஜமாவே சொல்லு, எந்தப் பக்கம்?"

"தெரியாது சார்."

"கேமரா ஓடலப்பா."

"தெரியாது சார்."

ரஸ்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேல், பாத்தியா, நடிப்புன்னா இதான்!" என்றவர், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இடது பக்கம் கையை நீட்டினார்.

வலது பக்கம் போனால் மறுநாள் மதியத்துக்குள் கரும்பாறை. இடது பக்கம் ஒரு கிளைக்கால்; காட்டுக்குள் நுழைந்து, சுற்றி, வற்றி, கடைசியில் அதே கரும்பாறைக்குக் கீழே ஆற்றில் சேரும். மழை நின்று இரண்டு மாதமாகியிருந்தது. முழங்கால் தண்ணீரில், விழுந்து கிடக்கும் மரங்களுக்கு மேலே படகைத் தூக்கித் தூக்கி நகர்த்தினால் மூன்று நாளாகும்.

நிக்கோ மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். "மச்சான், இதுல யாராச்சும் போவாங்களா?"

"தெரியாது மச்சான்."

தூக்கினார்கள். ரஸ்டனும் தூக்கினார். இரண்டாம் நாள் அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்தது. டப்பாச் சாப்பாடு தீர்ந்து எல்லாரும் மரவள்ளிப் பொரியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டார்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். அவர் சிரிப்பதை நிறுத்தி ஒரு நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் காற்றில் ஒரு நாற்றம் வந்தது. பழைய வெங்காயமும் ஈரநாயும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். ரஸ்டன் மூக்கைச் சுளித்தார். "என்னது அது?"

"தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு எல்ராய் பக்கத்து மரத்தில் ஏறினான். நிக்கோ ஏற்கெனவே மேலே இருந்தான். அவர்கள் ஏறியதால் டேலும் ஏறினான். காரணம் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. ரஸ்டன் மட்டும் வேட்டைக்குக் கொண்டுவந்த வில்லோடு கீழே நின்று அவர்களை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் காட்டுப்பன்றிகள் வந்தன. நாற்பது ஐம்பது இருக்கும், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வந்தன. ரஸ்டன் வில்லை எறிந்துவிட்டுக் கைக்கு எட்டிய முதல் மரத்தில் தாவினார். அது முள்பனை. அடியிலிருந்து நுனிவரை விரல் நீள முள்.

ஒரு பன்றி அந்த வில்லைக் கரும்பு மாதிரி கடித்துப் போட்டது.

பன்றிகள் போன பிறகு நிக்கோ அவரைக் குப்புறப் படுக்கவைத்து முள் எடுத்தான். "இருபத்தாறு, இருபத்தேழு... அசையாதீங்க சார், முக்கியமான இடத்துல இருக்கேன்." எல்ராய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவன் எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் முள் வெளியே வந்துவிடும், புண்ணும் ஆறிவிடும். அவனுக்கு வேண்டியது அந்த ஆளின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை.

நாலாம் நாள் காலை கிளைக்கால் ஆற்றில் சேர்ந்தது. எதிரே கரும்பாறை, ஆற்றின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஆழமான மடு. மடுவிலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அரபைமா மேலே வந்து மூச்சு வாங்குகிற சத்தம். ரஸ்டன் முள்ளை மறந்து எழுந்து நின்றார்.

நிக்கோ மோட்டாரை நிறுத்தினான். படகை ஒரு கிளையில் கட்டினான். சுரைக்குடுக்கையில் சின்னச் சிவப்பு மிளகாயைப் போட்டு நசுக்கினான்.

"இந்தப் பாறையை மொதல் தடவை பாக்குறவங்க கண்ணுல மிளகாய் போட்டுக்கணும். இல்லேன்னா பாறைக்குக் கோவம் வரும், படகு கவுந்துரும். டேல், கண்ணைக் காட்டு."

டேல் காட்டினான். நிக்கோ தடவினான். டேல் சொன்ன வார்த்தையை எந்தத் தொலைக்காட்சியிலும் போட முடியாது.

"சார் நீங்க ஏற்கெனவே வந்தவரு" என்றான் நிக்கோ. பிறகு கையை நிறுத்தி யோசித்தான். "வந்தீங்கல்ல?"

"வந்தேனே. படத்துல பாக்கலயா?"

"பாத்தேன். ஆனா அந்த வருஷம் நான் சவன்னாப் புல்வெளிப் பக்கம் மாடு மேய்ச்சுக்கிட்டிருந்தேன். மச்சான், நீ கூட இருந்தவன். இவர் வந்தாரா, வரலயா?"

எல்ராய் பாறையைப் பார்த்தான். உண்மையைச் சொல்லலாம். ஆனால் அது வழி தவறியவன் சொன்ன உண்மையாக இருக்கும். "தெரியாது மச்சான். அவரையே கேளு."

"போடலாம்ப்பா, எதுக்கும் ஒரு சொட்டு போட்டுக்கறேன்" என்றார் ரஸ்டன்.

"ஐயோ, வந்தவங்க போடக் கூடாது சார். பாறையைக் கிண்டல் பண்ற மாதிரி ஆயிரும். வந்தீங்களா இல்லையான்னு ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டுல மூணு புள்ளைங்க இருக்கு." நிக்கோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மடுவில் 'தொப்'. இந்தத் தடவை ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

ரஸ்டன் பல்லைக் கடித்தார். "டேல், கேமராவை நிறுத்து."

"அது ஓடவே இல்ல சார். எனக்குக் கண்ணே தெரியல."

"சரி, வரல! நான் இங்க வந்ததே இல்ல. இவன் வழியும் தவறல. குட்டையில புடிச்ச மீன் அது. போதுமா? இது இந்தப் படகோட இருக்கணும்."

போதாது என்று எல்ராய்க்குத் தெரியும். படகுக்குள் சொன்னதைப் படகுக்குள்ளேயே மறுத்துவிடலாம். அவன் மிளகாய்க் குடுக்கையை நிக்கோவிடமிருந்து வாங்கினான். ரஸ்டனின் இரண்டு கண்ணிலும் தானே தடவினான், மேலிமை, கீழிமை, ஓரம் எதையும் விடாமல். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் தடவினான். வலி தாங்காமல் ரஸ்டன் கையால் கண்ணைத் தேய்த்தார். மரவள்ளிப் பொரிக்குத் தொட்டுக்கொண்ட மிளகாய்ச் சாறு அந்தக் கையில் காலையிலிருந்தே இருந்தது.

படகு பாறையைக் கடந்தது. மடுவின் நடுவே நீர் மெல்லப் புடைத்து எழும்புவதை எல்ராய் பார்த்தான். தூண்டில் கோலை ரஸ்டனின் கையில் கொடுத்தான்.

"எழுந்து நில்லுங்க சார். இடது பக்கம், நாப்பதடி. விழுந்து கிடக்குற மரத்துக்கு இந்தப் பக்கம். இப்பப் போடுங்க."

"நீ... உனக்குத் தெரியுமா?"

"நீங்க கேக்கலயே சார். நானா சொல்றேன்."

ரஸ்டன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீசினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வீசினார். மீன் எடுத்தது. படகு அரை வட்டம் சுற்றியது. எல்ராய் வார்த்தையாலேயே அவரை நடத்தினான்: விடுங்க, இழுங்க, கோலைத் தாழ்த்துங்க, இன்னும் தாழ்த்துங்க. முக்கால் மணி நேரத்தில் மீன் ஆழமில்லாத கரைக்கு வந்து படுத்தது. தண்ணீரில் மண்டியிட்டு ரஸ்டன் அதைத் தடவினார். ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம். தடவிக்கொண்டே போனார், வால் வரவில்லை.

"எவ்வளவு? எவ்வளவு இருக்கு?"

நிக்கோ துடுப்பை வைத்து இரண்டு தடவை அளந்தான். "ஒம்பது அடி. மேல ஒரு சாண்."

"டேல்! எடுத்தியா?"

"எடுத்தேன் சார்" என்றான் டேல், கேமராவை வானத்தைப் பார்த்துப் பிடித்தபடி.

"கண்ணு தெளியட்டும், அதுவரைக்கும் பிடிச்சு வைங்க!"

"செத்துரும் சார்" என்றான் எல்ராய், மீனைப் பிடித்திருந்த கையை எடுத்தான். ருப்புனுனியிலேயே பெரிய மீன் வாலை ஒருமுறை அடித்துவிட்டு ஆழத்துக்குப் போனது. ரஸ்டன் அந்த இடத்தில் தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் கண் தெளிந்ததும் அவர் டேலின் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மேகம், மேகம், நிக்கோவின் காது, மேகம். கடைசியில் எல்ராய் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்கல்ல. கேமரா முன்னாடி சாட்சி சொல்லணும்."

"சொல்லலாம் சார். ஆனா வழி தவறினவன் சொன்னா யார் நம்புவா?"

ரஸ்டன் அந்த மேகங்களை இன்னொரு தடவை ஓடவிட்டார். மூன்றாவது வளைவில், "சரி" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. எல்ராயின் மாமியார் முன்வரிசையில் இருந்தாள். டேல் கேமராவை வைத்தான். ரஸ்டன் நெஞ்சில் கைவைத்துப் பேசினார். பழைய படம் பொய். எல்ராய் எந்த நாளும் வழி தவறவில்லை. இந்த ஆற்றை அவனைவிட அறிந்தவன் இல்லை, அவனைவிட நாணயமானவன் இல்லை. "மீன் விஷயத்துல எல்ராய் சொல்றதுதான் கடைசி வார்த்தை. அதுக்கு மேல நானே பேச மாட்டேன்."

கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். மாமியார் எழுந்து நின்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

மார்வா கேட்டாள்: "எல்ராய், சொல்லு. மீன் எவ்வளவு இருந்துச்சு?"

ரஸ்டன் புன்னகையோடு கேமரா பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். எல்ராய் அவரை ஒரு கணம் பார்த்தான்.

"நல்ல மீனுதான்க்கா" என்றான். "நாலு, நாலரை அடி இருக்கும். குட்டி. இன்னும் வளரும்."

கூடம் சிரித்தது. ரஸ்டனின் வாய் திறந்தது. தான் சற்றுமுன் சொன்னது அதே கேமராவில் பத்திரமாக இருப்பது நினைவு வந்திருக்க வேண்டும், வாய் மூடியது. நிக்கோ கூரை ஓலையை எண்ணிக்கொண்டிருந்தான்.

"புகார் ஏதாச்சும் உண்டா சார்?" என்றாள் மார்வா.

"இல்ல" என்றார் ரஸ்டன்.

"எல்ராய், நாளன்னிக்கு விருந்தாளிங்க நாலு பேர் வராங்க. படகை நீ எடு."

வெளியே வந்ததும் நிக்கோ அவன் கையைப் பிடித்தான். "மச்சான், ஒம்பது அடி! மேல ஒரு சாண்! கண்ணு தெரியாத ஆளை வச்சுக்கிட்டு நீ கரைக்குக் கொண்டுவந்த மீன். அப்பன் பாட்டன் யாரும் பாத்ததில்ல. அதைப் போய்க் குட்டின்னு சொல்லிட்டியே. மனசு வலிக்கல?"

"வலிக்குது" என்றான் எல்ராய்.

"நான் ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும்..."

"நீ சொன்னா அவரு ஜெயிச்சுருவாரு மச்சான்."

எதிரே வந்த மூன்று பேர் மீனைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று பேரிடமும் நிக்கோ நாலரை அடி என்று கையை விரித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் கை இன்னும் விரியப் பார்த்தது. எல்ராய் பக்கத்தில் நடந்தபடியே அதைப் பிடித்துக் கீழே இறக்கினான்.