பாதிப் பாட்டு

புளி மூட்டைகளை நகர்த்தினால்தான் சவப்பெட்டி உள்ளே வரும். இந்த வருஷத்துச் சரக்கு, கொட்டை எடுத்தது, வாசல்படியிலிருந்து நடுவீடு வரை வரிசையாக உட்கார்ந்திருந்தது. ராஜமேரி ஒரு முனையையும் டிரைவர் சென்னப்பன் மறுமுனையையும் பிடித்து இழுத்தார்கள். புருஷன் செத்த அன்றைக்குப் பெண்சாதியே மூட்டை இழுப்பதைப் பார்த்து, அழ வந்த பெண்கள் அழுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றான் சென்னப்பன்.

"அடி மூட்டை ஈரமா இருக்குது. இழுக்காத, புரட்டு."

உள்ளே கட்டிலில் ஸ்தனிஸ்லாஸ் தாடைக்கட்டோடு படுத்திருந்தார். விரலில் ஜெபமாலை சுற்றியிருந்தது. மூன்று மாதமாகத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த உடம்பு. கடைசியில் டாக்டரே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். விடிகிற நேரத்தில், அவள் வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போன இடைவெளியில், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். ராஜமேரிக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதத் தூக்கம் கண்ணுக்குள் மணலாகக் கிடந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியதால் மூட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

காரிமங்கலம் சந்தையில் ராஜமேரி வந்தால் யாவாரிகள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். புளியை உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து. எத்தனை நாள் வெயில் கண்டது, எவன் தண்ணீர் தெளித்தான் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தராசைவிட அவள் முகத்துக்குத்தான் பயப்படுவார்கள், அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. அப்படிப்பட்டவள் ஏமாந்த ஒரே வியாபாரம் பர்னபாஸ்.

பர்னபாஸ் என்பவன் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துப் பாட்டுக்காரன். கித்தார் வைத்துக்கொண்டு தமிழில் சொந்தப் பாட்டுப் பாடி கேசட் போடுவான். சினிமாவில் கூப்பிட்டார்கள், போனான், முகத்தைத் திருப்பிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். இதை ஸ்தனிஸ்லாஸ் தன் சொந்தத் தம்பி கலெக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தது போலச் சொல்வார். பர்னபாஸ் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவான். எவனாவது இருமினால் நிறுத்திவிடுவான். மழை வந்தால் பாட மாட்டான், வராவிட்டாலும் சில நாள் பாட மாட்டான். அவனுடைய பாட்டெல்லாம் யாரோ வருவார்கள் என்று ஒருத்தன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். வரவேண்டியவர் வந்ததாக ஒரு பாட்டும் கிடையாது.

ஸ்தனிஸ்லாஸ் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், சென்னப்பன்தான் டிரைவர். அந்தப் பஸ்ஸில் டேப் வைத்ததும் வினை ஆரம்பித்தது. சந்தை நாளில் கோழிக்கூடையும் தக்காளியுமாக ஏறுகிற சனங்களுக்கு அவர் பர்னபாஸைப் போட்டுவிடுவார். பாலக்கோடு வருவதற்குள் பாதிப் பஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெளியே பார்க்கும். எழவு வூட்டு பஸ் என்றே பேர் வந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். வேறு கேசட் போடச் சொன்னால் டேப் ரிப்பேர் என்பார்.

ராஜமேரி ஒருநாள் உப்புக் குறைத்துப் போட்டால், கவனம் எங்கே இருக்குது என்று கேட்கிற மனுஷர் அவர். பர்னபாஸ் இரண்டு வருஷம் கேசட்டே போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, "பாவம் மேரி, அவருக்கு மனசு சரியில்ல" என்றார். எனக்கு மனசு சரியில்லாத நாளை எப்போதாவது கேட்டீர்களா என்று அவள் நினைத்துக்கொள்வாள். கேட்டதில்லை. பிள்ளையில்லாத வீட்டில் இரண்டு பேருமே சில கேள்விகளைக் கேட்பதில்லை.

ஆனால் சாம்பல் புதன் வந்துவிட்டால் பர்னபாஸுக்கும் லீவு. அந்த ஊரில் அன்றிலிருந்து ஈஸ்டர் வரை, தவசு காலம் முழுக்க கல்யாணம் இல்லை, கறி மீன் இல்லை, மைக்செட் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து நேராக வந்து, கேசட்டுகளை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி, ரோட்டோரம் மைக்செட் கடை வைத்திருக்கும் தீர்த்தகிரியிடம் ஒப்படைத்துவிடுவார். ஈஸ்டர் பூசை முடிந்த கையோடுதான் திரும்ப வாங்குவார். தீர்த்தகிரி மாரியம்மன் கோயில்காரன், அவனுக்கேது தவசு? கடையில் போட்டுக்கொண்டிருப்பான். ஸ்தனிஸ்லாஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ரோட்டில் நிற்பார். "உள்ள வந்து கேளுங்கண்ணா" என்று தீர்த்தகிரி கூப்பிட்டால், கேட்கவில்லை, சும்மா நின்றேன் என்பார். அந்தக் கணக்கு அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் தீர்ந்ததாக நம்பினார்.

இந்த வருஷம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியைக் கயிறு கட்டி ராஜமேரிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாலைந்து நாளுக்கு முன்னால், கஞ்சி ஊட்டும்போது, தீர்த்தகிரி கடைப்பக்கம் போனாயா என்று கேட்டார். ஈஸ்டர் வரட்டும் என்றாள். அவர் சரியென்று வாயைத் திறந்து அடுத்த கரண்டிக் கஞ்சியை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்தே சரக்கின் ஆயுசைச் சொல்கிறவள், ஈஸ்டர் வரை தாங்கும் என்று கணித்திருந்தாள்.

சவப்பெட்டி உள்ளே வந்தது. சவரிராயனும் கூடவே வந்தார். ஸ்தனிஸ்லாஸின் அண்ணன், கோயில் கமிட்டியில் பெரிய தலை. ஊரில் எது நடக்கலாம், எது கூடாது என்பதை அவருடைய தோள்துண்டு தீர்மானிக்கும் - மடித்துப் போட்டிருந்தால் பேசலாம், உதறிப் போட்டால் முடிந்தது. சாமியார் நாலு மணிக்கு நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார் என்றும், துக்க மணி அடித்ததும் தூக்கிவிட வேண்டும் என்றும், அவருக்கு அப்புறம் இன்னொரு ஊரில் சிலுவைப்பாதை இருக்கிறதென்றும் சொன்னார்.

ராஜமேரி சேலைத் தூசியைத் தட்டிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, மைக்செட் சொல்லலாம்னு இருக்கறேன்."

சவரிராயன் அவளைப் பார்த்தார். தூக்கமில்லாமல் மூளை கலங்கிவிட்டதென்று நினைத்திருப்பார். தவசு காலத்தில் மைக்செட்டா, அதுவும் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுச் சாவுக்கா, அதுவும் அந்த அழுமூஞ்சிப் பாட்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார்.

அவள் இப்போதிலிருந்து எடுக்கும்வரை பாடட்டும் என்று ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பில் கடைசி விலையைச் சொல்கிறவன் யாவாரியே இல்லை. அவர் கையை வீசினார். சரி, நாலு பாட்டு என்றாள். ஜெபமாலை சொல்லட்டும், புண்ணியம் என்றார் அவர். வருஷா வருஷம் தவசு முழுக்க வாயைக் கட்டியது மாதிரிக் காதையும் கட்டிக்கொண்ட மனுஷன், இந்த ஊரில் வேறெவன் அப்படி இருந்தான், தவசிலே கருவாடு தின்றவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியும் என்றாள். சவரிராயன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். கருவாட்டு வாசனை யார் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு பாட்டு என்று அவளே இறங்கினாள். ஊர் எல்லைக்குள் குழாய் ஸ்பீக்கர் கட்டக்கூடாது என்றார் அவர். கட்ட வேண்டாம், தீர்த்தகிரி தன் வண்டியை ரோட்டில் நிறுத்தி அதன்மேல் வைத்துக்கொள்வான்; ரோடு கவர்மெண்டுடையது, கவர்மெண்டுக்குத் தவசு கிடையாது என்றாள். பக்கத்தில் நின்ற சென்னப்பன் துக்க வீடென்பதை மறந்து சிரித்து, உடனே இருமினான்.

சவரிராயனுக்கும் அலுப்புத்தான். காலையிலிருந்து குழி வெட்ட ஆள் தேடி அலைந்திருந்தார். செத்துக் கிடப்பது கூடப் பிறந்தவன். அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்ல, பாதிப் பாட்டு. சும்மா பேருக்கு. பாட்டு நின்னதும் தூக்கிடணும். அதுக்கு மேல பேசாத."

துண்டை உதறிப் போட்டார்.

ராஜமேரி பெருமூச்சு விட்டாள். நஷ்டத்துக்குக் கொடுக்கிறவள் விடுகிற பெருமூச்சு. "உங்க இஷ்டம் மாமா" என்றாள்.

தீர்த்தகிரி வண்டியோடு வந்தான். குழாயை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, அட்டைப்பெட்டியை அவள் காலடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, எதப் போடறது? அண்ணனுக்கு எல்லாமே புடிக்குமே."

அவள் தேடவே இல்லை. ஓரத்தில் கிடந்த, அட்டை கிழிந்த ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் அதற்குப் பேரே பாதிப் பாட்டுத்தான்.

அது கடையில் வாங்கியதல்ல. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் பர்னபாஸ் மேடையேறுகிறான் என்று கேள்விப்பட்டு, ஸ்தனிஸ்லாஸ் லீவு போட்டுவிட்டு அவளையும் அழைத்துப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு இருவருமாக வெளியூர் போனது அந்த ஒரு தடவைதான். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். அவர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டார், பதிவு பண்ண. பர்னபாஸ் ஒரு மணி நேரம் தாமதித்து வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பாட்டை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கித்தாரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சனங்கள் விசிலடித்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள், பாதிப்பேர் எழுந்து போனார்கள். அவர் மட்டும் அசையவில்லை. கடைசி பஸ்ஸுக்காக ராஜமேரிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அதற்கப்புறம் பர்னபாஸ் திரும்பி வந்து பாடினானா இல்லையா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. விசாரிக்கவும் மாட்டேன் என்றார். சண்டை என்று வந்தால், எந்தச் சண்டையானாலும், முடிகிற இடம் அதுதான்: "நீ இழுத்துக்கிட்டு வராம இருந்திருந்தா கேட்டிருப்பேன்." அவள் சமைத்தது, துவைத்தது, சம்பாதித்தது எல்லாம் ஒரு தட்டில், இது ஒன்று மட்டும் மறு தட்டில். முள் ஒருநாளும் அவள் பக்கம் சாய்ந்ததில்லை.

நாலு மணிக்குப் பெட்டியை வாசலில் பெஞ்சின்மேல் வைத்தார்கள். தூக்குகிறவர்கள் தோள்துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். சவரிராயன் தலையசைத்தார். ரோட்டிலிருந்த தீர்த்தகிரி பித்தானை அமுக்கினான்.

கித்தார் கேட்டது. பிறகு பர்னபாஸின் குரல், தூங்கி எழுந்தவன் போல. குழாய் வழியே வந்ததால் கொஞ்சம் மூக்கால் பாடியது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவன் இரண்டாவது அடிக்குப் போனான், மூன்றாவதைத் தொட்டான், ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுவிட்டான். எதையோ கீழே வைக்கிற சத்தம். விசில். நாற்காலிகள்.

தூக்குகிறவர்கள் குனிந்தார்கள்.

அப்போது குழாயிலிருந்து ராஜமேரியின் குரல் வந்தது. இப்போது இருப்பதைவிடக் கூர்மையாக, சந்தையில் கேட்கிற அதே குரல்.

"எந்திரிங்க. போலாம்."

குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரு மேரி. வருவாரு." ஸ்தனிஸ்லாஸின் குரல், சீக்குக்கு முந்தைய குரல், பஸ்ஸில் டிக்கெட் டிக்கெட் என்று கேட்கிற தெம்போடு.

"கடைசி பஸ்ஸு போயிரும். எந்திரிங்கன்றேன்."

"கண்டக்டருக்கே பஸ் டைம் சொல்றியா. அவருக்கு மனசு சரியில்ல. கொஞ்சம் இரு."

"எந்திரிங்க."

டக்கென்று ஒரு சத்தம். அதோடு பதிவு முடிந்தது. கேசட் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் மெல்லிய இரைச்சல், தூரத்தில் மழை பெய்வது போல.

சென்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். தூக்குகிறவர்கள் மறுபடியும் பெட்டிக்குக் கை கொடுத்தார்கள். ரோட்டில் தீர்த்தகிரி நிறுத்துவதற்காகக் கையை நீட்டினான்.

ராஜமேரி உள்ளங்கையைக் காட்டினாள். சந்தையில், எடை போடுகிறவனைப் பார்த்து முள் நிற்கட்டும் என்று காட்டுவது போல.

கோயிலில் துக்க மணி ஆரம்பித்தது. ஒன்று, நீண்ட இடைவெளி, இன்னொன்று. சவரிராயன் அவள் பக்கத்தில் வந்தார்.

"பாட்டு நின்னுபோச்சும்மா. சாமியாரு காத்துக்கிட்டிருப்பாரு."

"இருங்க மாமா" என்றாள் அவள்.

அவர் தோள்துண்டை எடுத்தார். உதறப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். தூக்குகிறவர்கள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

ராஜமேரி வாசலோரம் கிடந்த புளி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் வண்டியின் மேலிருந்த குழாயைப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. கேசட் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் தீர இன்னும் கொஞ்சம் இருந்தது.