வேப்பமரம் வரைக்கும் ஒரு ஓட்டம்

பட்டாசுக் கம்பெனியில் சேருகிறவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மருந்து அடைப்பது இல்லை, ஓடுவது. சத்தம் கேட்டால் எங்கே, என்ன என்று நின்று பார்க்கக் கூடாது. போட்டது போட்டபடி கிடக்க, வெளியேறி ஓட வேண்டும். அந்தப் பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்தவள் எங்கள் ஊர் அச்சங்குளத்திலேயே கிடையாது. அதனால்தான் என் குதிகால் உடைந்தது.

இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். அண்ணன் மகளுக்குச் சடங்கு. சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் கண்ணயர்ந்திருந்தேன். தாய்மாமன் சீர் தெருவுக்குள் வந்ததும் எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். எழுந்து ஓடினேன். மொட்டை மாடியில் எங்கே ஓட? குதித்துவிட்டேன்!

"வெடி செய்றவளே வெடிக்குப் பயந்து குதிச்சிட்டாளே!" என்று ஊரே சிரித்தது. முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே கத்தி வைக்கவில்லை. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தால்தான் ஆபரேஷன் என்றார். தினமும் காலையில் வந்து காலைத் தொட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். சுருக்கம் விழ வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருவழியாக விழுந்தது. நொறுங்கிய எலும்பை ஒன்றுகூட்டி, தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது. அப்புறம் வாக்கர், அப்புறம் பாதத்துக்கு அடியில் சோடா பாட்டிலை உருட்டும் பயிற்சி, மெத்தென்று ஒரு செருப்பு. அதுவரை வீட்டில் சமையல் என் வீட்டுக்காரர்தான். அந்த ரசத்துக்குப் பயந்தே சீக்கிரம் நடந்தேன்.

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த அன்று போய் நின்றேன். போர்மேன் காளிராஜ் அண்ணாச்சி என் நடையைப் பார்த்தார்.

"லேபிள் ஒட்டுற ஷெட்ல உக்காரு, பத்திரகாளி. ஓட முடியாதவள மருந்து ரூம்ல வச்சா எனக்கு உறக்கம் வராது."

"யாரு ஓட முடியாதவ?"

"அந்தா, அந்த வேப்பமரம் வரைக்கும் ஓடிக் காட்டு."

செருப்பைக் கழற்றிவிட்டேன். உரசினால் தீப்பொறி வரும் என்று மருந்து ரூமில் யாருக்கும் செருப்பு கிடையாது. ஓடினேன் என்று சொல்லவே வெட்கம். குதிகால் தரையில் பட்டால் மறுபடி உடைந்துவிடுமோ என்று நுனிக்காலில் தத்தித் தத்திப் போனேன். பாதியிலேயே நின்றுவிட்டேன். அண்ணாச்சி பரிதாபமாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். லேபிள் ஷெட்டில் உட்கார்ந்தால் இனி நான் நொண்டிதான், என் ரூமும் என் கூட்டாளிகளும் போச்சு என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செருப்பை எடுக்கத் திரும்பி வந்து குனிந்தேன். 'டமார்!' என்று ஒரு சத்தம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் ரூமில் இருந்த பெண்கள் ஓடி வருகிறார்கள். எல்லாருக்கும் கடைசியாக அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு.

ரோட்டில் ஏதோ லாரி டயர் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தேன். வெறுங்கால். இரண்டு குதிகாலும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன.

"ஒரு டயர் சத்தத்துக்கா இந்த ஓட்டம்?" என்றார் அண்ணாச்சி.

"என்ன சத்தம்னு நின்னு பாக்கச் சொல்லியா எனக்குச் சொல்லிக்குடுத்தீக?"

எல்லாரும் திரும்பிப் போனதும், மருந்து ரூமில் என் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அண்ணாச்சி, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார்.