கரை வைக்காத போர்வை

கடிகாரக்காரர் வீட்டுப் படுக்கையறைக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கடற்கரை அங்கிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம் என்பதால், குழாய்தான் உடைந்திருக்கும் என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வாளியில் கிடந்த நண்டைப் பார்த்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

காரணம் போர்வைதான். கடிகாரக்காரரின் மனைவி தையல்காரி. கடலைப் பார்க்கவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வந்தாள். கடையை யார் பார்ப்பது என்றே அவர் காலத்தை ஓட்டினார். தலை நரைத்தபின் ஒருவழியாகக் கூட்டிப்போனார். போன இடத்திலும் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிப்பியில் பூச்செதுக்குகிறவர்களையும் படகுக்கு வர்ணம் தீட்டுகிறவளையும் அவள் வாய்பிளந்து பார்க்க, இவர் ரயிலுக்கு நேரமாச்சு என்று பிராணனை வாங்கினார். கடைசியாக ஒரு தறிக்கூடத்தில் நீலப் போர்வை ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. நாலு ஓரத்திலும் கரை தைப்பதுதான் பாக்கி.

"நாளைக்கு வாங்க, கரை வச்சுத் தரேன்," என்றார் நெசவாளி.

"கரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்படியே மடிச்சுக் குடுங்க," என்றார் கடிகாரக்காரர்.

"கரை இல்லேன்னா எங்க போய் நிக்கும்?"

சாயம் நிற்காது என்கிறார் போலும், துவைக்காமல் இருந்தால் போயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் விரித்த அன்றே போர்வையிலிருந்து அலை கட்டிலை விட்டு இறங்கியது. பழுதுபார்க்க வந்திருந்த சுவர்க்கடிகாரங்கள் கூடத்தில் மிதந்தன. "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்," என்றார் அவர். ஆயுளுக்கும் வாய்த்தது ஒரே பயணம், அதையும் பரணில் போட்டுவிடச் சொல்கிறாரே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து மூன்று ஓரங்களுக்குக் கரை வைத்தாள். நாலாவது கரையைப் படுக்கையறை வாசல் கால்மிதியில் தைத்துப் போட்டாள். கடல் அதுவரை வந்து திரும்பியது.

"போர்வையில ஒரு பக்கத்தை விட்டுட்டியே?"

"தெரிஞ்சுதான் விட்டேன். அதையும் அடைச்சுட்டா, என்னை மறுபடி எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?"

அவர் கால்மிதிவரை வந்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

இப்போதெல்லாம் கடையைச் சீக்கிரமே மூடிவிடுகிறார். ரயிலுக்கு நேரமாச்சு என்று அவள் கிண்டல் செய்தாலும் அவர் கரையேறுவதில்லை. பீரோப் பக்கம் ஆழம் அதிகம் என்பதால், விருந்தாளிகளை மட்டும் ஜன்னலோரமாக நடந்துவரச் சொல்கிறார்கள்.